சுவாஹிலி தொடங்க எந்த வழி? பட்டியல், ஆப், ஒலிப்பாடம், ஆசிரியர்: ஓர் ஒப்பீடு

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "அடுத்த மாதம் தான்சானியாவின் தாரெஸ்ஸலாமில் வேலையில் சேருகிறேன். வாட்ஸாப்பில் நூறு சுவாஹிலி வார்த்தை என்று ஒரு பட்டியல் வந்தது. அதை மனப்பாடம் செய்தால் போதுமா? இல்லை, டுவோலிங்கோ ஆப் போடவா? ஆன்லைனில் ஆசிரியர் வைத்தால் சீக்கிரம் வருமா?" சிலருக்கு ஊர் கென்யாவின் நைரோபி. சிலருக்குத் தான்சானியத் தீவான சான்சிபார், 2023-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் அங்கே ஒரு வளாகம் தொடங்கியதிலிருந்து மாணவர்களும் கேட்கிறார்கள்.

'கரிபு' (வாங்க), 'அசன்டே' (நன்றி), 'சமஹானி' (மன்னியுங்கள்) இவையெல்லாம் யாருக்கும் ஒரே மாலையில் வந்துவிடும். தக்காளி என்ன விலை என்று கேட்கவும் வந்துவிடும். கடைக்காரர் படபடவென்று ஒரு பதில் சொல்வாரே, அது காதில் ஏறுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேள்வி நாம் தயார் செய்து வைத்தது. பதில் நம் கையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வழியும் பதிலுக்கு நம்மை எவ்வளவு தயார் செய்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

மற்ற அளவுகோல்கள்

ஊர்தான் அடுத்தது. தான்சானியாவில் அன்றாட வாழ்க்கை முழுக்க சுவாஹிலியில் ஓடுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பயிற்றுமொழியே அதுதான். அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் அதிக தூரம் கூட வராது. கென்யாவில் 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஆங்கிலமும் சுவாஹிலியும் ஆட்சிமொழிகள். நைரோபியில் ஆங்கிலத்தை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். அங்கே இளைஞர்கள் பேசுவது ஷெங் என்ற கலப்பு மொழி. அதை எந்தப் பாடமும் சொல்லித் தராது. உகாண்டாவின் கம்பாலாவுக்குப் போகிறவர் சுவாஹிலியைத் தள்ளிவைத்துவிட்டு நாலு வார்த்தை லுகாண்டா கற்றால் புண்ணியம் உண்டு. பாடங்களில் வரும் சுவாஹிலி சான்சிபார் நகரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. 1928-இல் மொம்பாசாவில் கூடிய மாநாட்டில்தான் அதைப் பொதுமொழிக்கு அடிப்படையாக எடுத்தார்கள். மொம்பாசாக்காரர்களுக்கு இன்றும் அதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருப்பதுண்டு. அது வேறு கதை.

அப்புறம் எத்தனை நாள் தங்குகிறீர்கள், யாரோடு பேசப் போகிறீர்கள் என்பது. சஃபாரி வழிகாட்டிக்கு ஆங்கிலம் தெரியும். வாசலில் நிற்கும் காவலருக்கும், காய்கறி விற்கும் அம்மாவுக்கும், கட்டட வேலை ஆளுக்கும் பெரும்பாலும் தெரியாது. கடைசியாக, கட்டணத்தில் தெரியாத செலவு. அதை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

வழி 1: வார்த்தைப் பட்டியல்

இலவசம், கையில் தாள் ஒன்று போதும். எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறோம், தொடங்கவும் வேண்டும். சிக்கல் பட்டியல்களின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று மிருகங்களாக அடுக்கியிருப்பார்கள். சிங்கத்திடம் பேச வேண்டிய நிலை வந்தால் மொழி உதவாது. 'ஜாம்போ' என்பது முதல் வரியில் நிற்கும். அது சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வணக்கம். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் கேட்பது 'ஹபாரி', 'மாம்போ', நைரோபியில் 'சாசா'.

பட்டியல் போடுவதென்றால் கேள்வியையும் பதிலையும் ஜோடியாகப் போடுங்கள்:

- மாம்போ? (என்ன விசேஷம்?) — போவா (நல்லாப் போகுது). நண்பர்கள், இளைஞர்களிடம்.
- ஹபாரி ஸா அசுபூஹி? (காலைச் சேதி என்ன?) — ன்ஸூரி, அல்லது சலாமா (நலம்).
- ஷிக்கமோ (பெரியவர்களுக்கு வணக்கம்) — மரஹபா (அதற்கு அவர்கள் சொல்லும் பதில்).
- ஹோதி! (வீட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பது) — கரிபு.
- பெய் கானி? / ஷிலிங்கி ங்காப்பி? (என்ன விலை?) — எண்தான் பதில்.
- சா ங்காப்பி? (மணி என்ன?) — இதற்கும் எண்தான்.
- ச்சோ கீக்கோ வாப்பி? (கழிப்பறை எங்கே?) — பெரும்பாலும் கையைக் காட்டிவிடுவார்கள்.
- சியெலேவி. சேமா தேனா, போலே போலே. (புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள், மெதுவாக.)

ஷிக்கமோவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தான்சானியாவில் உங்களைவிடக் கண்ணுக்குத் தெரிய மூத்தவர் யாராக இருந்தாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும், அவர் வாசல் காவலராக இருந்தாலும் சரி. சொன்னதும் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். உங்களைவிட இளையவர் உங்களுக்குச் சொன்னால் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ளுங்கள். திருப்பி ஷிக்கமோ சொன்னால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நைரோபியில் இதை அதிகம் கேட்க முடியாது.

வணக்கம் ஒன்றோடு நிற்பதும் இல்லை. காலைச் சேதி என்ன, வீட்டுச் சேதி என்ன, வேலைச் சேதி என்ன என்று வரிசையாக வரும். காய்ச்சலோடு நின்றாலும் முதல் பதில் 'ன்ஸூரி'தான். காய்ச்சல் விவகாரம் அதற்குப் பிறகு. இந்தச் சுற்று முடியாமல் விலை கேட்பவரை அவசரக்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

இப்போது எண்கள். மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ, சீத்தா, சாபா, நானே, தீசா, கூமி: ஒன்று முதல் பத்து. மியா நூறு, எல்ஃபு ஆயிரம். லாக்கி என்றால் லட்சம். நம் லட்சமேதான், இந்தியப் பெருங்கடல் தாண்டிப் போனது. தான்சானிய ஷில்லிங்கில் ஆயிரத்துக்குக் கீழே அதிகம் வாங்க முடியாது என்பதால் முதல் நாளிலிருந்தே 'எல்ஃபு' காதில் விழுந்துகொண்டே இருக்கும். பட்டியலோடு மட்டும் போகிறவர் இங்கேதான் தடுமாறுவார். தாரெஸ்ஸலாமின் கரியாக்கோ சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள்; ஒரு கூறுக்கு 'ஃபுங்கு' என்று பெயர். 'ஃபுங்கு ஷிலிங்கி ங்காப்பி?' என்று நீங்கள் அழகாகக் கேட்பீர்கள். பதில் 'ஜேரோ' என்று வரும். எந்தப் பட்டியலிலும் ஜேரோ இருக்காது. அது ஐந்நூறுக்குத் தெருப்பெயர். ஆயிரத்துக்கு 'புக்கு'. பெரிய கூறாக இருந்தால் 'எல்ஃபு எல்ஃபு' என்று இரட்டித்துச் சொல்வார்கள், நாம் 'ஆயிரம் ஆயிரம்' என்போமே, அதே போல ஒவ்வொன்றும் ஆயிரம் என்று. பேரம் பேச 'புங்கூஸா கிதோகோ' (கொஞ்சம் குறையுங்கள்). குறைப்பார், ஆனால் அந்தப் புது விலையும் ஓர் எண்தான்.

மணி விஷயத்தில் பட்டியல் வேறு விதமாகக் கவிழ்க்கும். சுவாஹிலி மணி காலை ஆறிலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழுதான் 'சா மோஜா', ஒரு மணி. எட்டு மணி 'சா ம்பிலி', நண்பகல் பன்னிரண்டு 'சா சீத்தா'. ஜாதகத்தில் உதயாதி நாழிகை பார்த்துப் பழகியவருக்கு இதில் அதிசயம் இருக்காது. கடிகாரத்தில் எந்த எண்ணோ அதற்கு நேர் எதிரில் இருக்கும் எண்ணைப் படித்தால் சுவாஹிலி மணி. ஆபத்து எங்கே என்றால், உங்கள் மேல் இரக்கப்பட்டு ஒருவர் ஆங்கிலத்தில் 'இரண்டு மணிக்குப் பேருந்து' என்று சொல்லும்போது. மனதுக்குள் அவர் மொழிபெயர்த்தது 'சா ம்பிலி'யையாக இருக்கலாம். அப்படியென்றால் பேருந்து காலை எட்டு மணிக்கே போய்விட்டது. எப்போதும் 'அசுபூஹி'யா (காலை), 'ம்ச்சானா'வா (பகல்), 'ஜியோனி'யா (மாலை), 'உசிகு'வா (இரவு) என்று சேர்த்துக் கேளுங்கள்.

பட்டியலின் மறைசெலவு இன்னொன்று, அது நமக்கே உரியது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் வல்லினமும் மெல்லிய ஒலியும் கலந்துவிடும். 'பாபா' என்று எழுதினால், தொண்டை அதிர்ந்து சொன்னால் அப்பா, அதிராமல் சொன்னால் சுறாமீன். நான் இங்கே தமிழில் எழுதியிருப்பதைக் காதால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நோட்டில் ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சுவாஹிலியே அந்த எழுத்தில்தான் எழுதப்படுகிறது, எழுதியபடியே படிக்கவும் படுகிறது. அழுத்தம் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். குறில் நெடில் நமக்கு இயல்பு. 'கூஃபா' சாவது, 'குஃபா' என்று கடைசியை நீட்டினால் பொருத்தமாக இருப்பது, ஆகவே அந்த நீட்டலை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பியர்கள் திணறும் ஓர் ஒலி நமக்கு ஓசியில் கிடைக்கிறது. 'ஙோம்பே' என்றால் மாடு. 'ஙப் போல் வளை' என்பதைத் தவிர வேறெங்கும் சொல்லின் முதலில் பார்க்காத ஙகரம் அங்கே தெருவில் மேய்கிறது. 'இங்ஙனம்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஒலிதான்.

பட்டியல் யாருக்குப் போதும்? ஒரு வாரச் சஃபாரிக்கு, கிளிமஞ்சாரோ ஏறப் போகிறவருக்கு, நைரோபியில் மாநாட்டுக்குப் போய் வருகிறவருக்கு. அதற்கு மேல் தங்குகிறவருக்கு இது முதல் வாரத்துக்கு மட்டும்.

வழி 2: மொழிபெயர்ப்பு ஆப்

இதைக் கற்கும் வழி என்று சொல்ல முடியாது. ஆனாலும் "அதுதான் போனில் இருக்கிறதே" என்று நிறையப் பேர் இதோடு நிறுத்திக்கொள்வதால் சேர்க்கிறேன். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழும் உண்டு, சுவாஹிலியும் உண்டு. மருந்துச் சீட்டு, அறிவிப்புப் பலகை, வீட்டு உரிமையாளர் அனுப்பும் செய்தி இவற்றுக்கு அருமை.

பேச்சுக்கு ஒத்துவராது. நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று இருப்பது போல அவர்களுக்கும் மூன்று உண்டு: ம்புங்கா, ம்ச்சேலே, வாலி. ஆங்கிலத்துக்கு மூன்றும் ஒரே சொல். ஆங்கிலச் சொல்லைத் தட்டித் தேடினால் சாப்பாட்டுக் கடையில் 'ம்ச்சேலே' கேட்டு நிற்பீர்கள். அவர் உங்களுக்கு அரிசிக் கடைக்கு வழி சொல்வார். தமிழிலேயே தட்டினாலும் சில சமயம் இடையில் ஆங்கில நெடி அடிக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. 'சீலி ந்யாமா' (நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று ஆப் சரியாகத்தான் சொல்லித் தரும். பலருக்கு ந்யாமா என்றால் மாடும் ஆடும்தான். கோழியோ மீனோ வந்து சேரும். 'ம்போகா' காய்கறி என்று அகராதி சொல்லும், ஆனால் உகாலி என்ற மாவுக்களிக்குத் தொட்டுக்கொள்ள எது வந்தாலும் ம்போகாதான், மீன் குழம்பு உட்பட. 'சீலி ந்யாமா, கூக்கு, வாலா சமாக்கி' (இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் 'மயாயி' என்பதையும் சேர்க்க வேண்டும். பீன்ஸ் 'மஹராகே', சப்பாத்தி 'சப்பாத்தி'யே. பசி ஆறிவிடும்.

வழி 3: டுவோலிங்கோ போன்ற கற்கும் ஆப்

டுவோலிங்கோவில் சுவாஹிலி 2017-இல் வந்தது. தன்னார்வலர்கள், அவர்களில் பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தன்னார்வத் தொண்டு அமைப்பின் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர்களும் சேர்ந்து, உருவாக்கிய பாடம். ஸ்பானிஷ், பிரெஞ்சுப் பாடங்களின் பருமன் இதற்கு இல்லை. இலவசமாகப் படிக்கலாம், விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொற்களும் அவற்றின் ஒருமை பன்மையும் மனதில் படிய இது உதவும். சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நிற்கும். வகுப்புக்கு ஏற்றபடி அடைமொழியும் எண்ணும் முன்னொட்டை மாற்றிக்கொள்ளும். ஒரு நாற்காலி 'கீத்தி கிமோஜா', இரண்டு நாற்காலி 'வீத்தி விவிலி', இரண்டு பிள்ளைகள் 'வத்தோத்தோ வவிலி'. நாம் ஆட்களுக்கு இருவர், பொருளுக்கு இரண்டு என்கிறோம். அவர்கள் அதே வேலையை இன்னும் பல வகுப்புகளுக்குச் செய்கிறார்கள். தினமும் பத்து நிமிடம் தட்டித் தட்டிப் பழகினால் இது விதியாக இல்லாமல் காதுக்குப் பழக்கமாக வந்துவிடும்.

செலவு எங்கே? ஒன்று, எல்லாம் ஆங்கிலம் வழி. ஆங்கிலத்தில் சுணக்கம் உள்ளவருக்கு இது இரண்டு மொழித் தேர்வு. சுவாஹிலியில் சரியாக இருந்து ஆங்கில வாக்கியத்தில் தப்பு என்று சிவப்பு வாங்குவது எரிச்சல். இரண்டு, நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே படுக்கப் போகும் முன் எளிய பாடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. மூன்றுதான் பெரியது: திரையில் விடைகள் சிதறிக் கிடக்கும், எடுத்து அடுக்கினால் போதும். சந்தையில் யாரும் விடைகளைச் சிதறிப் போட்டு வைப்பதில்லை. பல மாதம் ஆப்பில் படித்தவரும் தாலாதாலா (சிற்றுந்து) நடத்துநர் 'உனஷூக்கா வாப்பி?' (எங்கே இறங்குகிறீர்கள்?) என்று கேட்டதும் விழிப்பதற்கு இதுதான் காரணம்.

கிளம்ப நாலைந்து மாதம் இருக்கிறது, ஆங்கிலம் சரளம், தினமும் கொஞ்சம் நேரம் மட்டும் கிடைக்கும் என்றால் இதை எடுங்கள். தனியாக இல்லாமல் அடுத்து வருவதோடு சேர்த்து.

வழி 4: ஒலிப்பாடம்

எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவசத் திட்டத்தில் சுவாஹிலிக்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. ஆசிரியர் ஒரு மாணவரோடு பேசிக்கொண்டே போவார். மாணவர் யோசித்து வாக்கியம் கட்டுவார். நாமும் நிறுத்திவிட்டு நம் பதிலைச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கும் பிம்ஸ்லரும் இருக்கிறது. அது அரைமணிப் பாடங்கள், கேள்வி வந்ததும் இடைவெளி விட்டு நம்மைச் சொல்லவைக்கும் முறை.

தமிழருக்கு இந்த வழி பலிப்பதற்குக் காரணம் வினைச்சொல். 'விரும்புகிறேன்' என்பதைப் பிரித்தால் விரும்பு, கிற், ஏன்: வினை, காலம், ஆள். சுவாஹிலியில் 'நினபெண்டா': நி, ன, பெண்டா. ஆள், காலம், வினை. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. நடுவில் இருப்பதை மாற்றினால் காலம் மாறும்: 'நிலிபெண்டா' விரும்பினேன், 'நிதபெண்டா' விரும்புவேன். முன்னால் இருப்பதை மாற்றினால் ஆள் மாறும்: 'அனபெண்டா' அவர் விரும்புகிறார், 'துனபெண்டா' நாங்கள் விரும்புகிறோம், 'வனபெண்டா' அவர்கள் விரும்புகிறார்கள். அவனா அவளா என்ற கவலை இல்லை, எல்லாம் 'அ'தான். 'விரும்பவில்லை' என்று நான் சொல்ல முன்னால் 'சி' வரும், கடைசி எழுத்து மாறும்: 'சிபெண்டி'. ஆங்கிலேயர்கள் இந்தக் கோர்வையைக் கண்டு மலைப்பார்கள். நாம் பிறந்ததிலிருந்து இப்படிக் கோர்த்துத்தான் பேசுகிறோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுகிறவருக்குச் சுவாஹிலி கற்க 36 வாரம் என்றும், தமிழ் கற்க 44 வாரம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறது; கடினமான பக்கத்தை நாம் ஏற்கெனவே தாண்டியாயிற்று.

நூறு சொற்களை இந்தக் கோர்வையில் போட்டால் எத்தனையோ வாக்கியம் கிடைக்கும். பதிலில் வரும் நீளமான சொல்லையும் காது தானாக உடைத்துக் கேட்கும். 'உனஷூக்கா' காதில் விழுந்ததும் 'உ' என்றால் நீங்கள், 'ன' என்றால் இப்போது, 'ஷூக்கா' இறங்கு என்று பிரிந்துவிடும். அதனால்தான் பதில் புரிவதில் ஆப்பை விட இதற்கு மதிப்பெண் அதிகம்.

குறைகளும் உண்டு. இதுவும் ஆங்கிலம் வழிதான். எழுத்தைப் பார்க்காமல் கேட்பதால் எழுத்துக்கூட்டல் தெரியாமல் போகும். இரண்டு நாள் விட்டால் தொடர்பு அறுந்துவிடும். சமையல் செய்துகொண்டே கேட்கிறேன் என்று வைத்தால் மாணவர் பதில் சொல்லிக்கொண்டே போவார், நமக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நிறுத்தும் பொத்தானை அழுத்தாதவருக்கு இது வெறும் வானொலி.

வழி 5: ஆன்லைன் ஆசிரியர்

ஐடாக்கி, பிரெப்ளி போன்ற தளங்களில் கென்ய, தான்சானிய ஆசிரியர்கள் மணிக்கணக்கில் கிடைக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்க நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. இருவருக்கும் வசதியான நேரம்.

மேலே சொன்ன முதல் அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. உயிருள்ள ஆள் எதிர்பாராத பதிலைச் சொல்வார். ஆனால் பணத்தை வீணாக்கவும் இதுவே எளிய வழி. முதல் பல வகுப்புகளை 'மோஜா, ம்பிலி, தாத்து' சொல்லிக்கொண்டு கழிப்பவர்கள் உண்டு. பட்டியலில் தானே படிக்க வேண்டியதை மணிக்கூலி கொடுத்துப் படிக்கக் கூடாது. நல்ல ஆங்கிலம் பேசும் ஆசிரியர் கிடைத்தால் பாதி வகுப்பு ஆங்கில அரட்டையில் போகும். அதில் அவருக்கும் நஷ்டமில்லை, நமக்கும் அலுப்பில்லை. ஊர் பார்க்காமல் ஆசிரியரைப் பிடிப்பதும் உண்டு. சான்சிபார் போகிறவர் நைரோபி இளைஞரிடம் படித்தால் ஷிக்கமோ இல்லாமல் ஷெங் சொற்களோடு போய் இறங்குவார்.

தொடக்கக்காரர் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நான் கடைக்கு வருகிறேன், நீங்கள் கடைக்காரர். ஆங்கிலம் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்." விலையை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள், தெருப்பெயர்களோடு. அடுத்த வாரம் பஜாஜி ஓட்டுநராக வரச் சொல்லுங்கள். ஆம், தான்சானியாவில் ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜிதான்; கென்யாவில் டுக்டுக்.

வழி 6: அங்கே போய்ப் படிப்பது

சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்குச் சுவாஹிலி வகுப்புகள் உண்டு. பெருநிலப் பகுதியில் மொரோகோரோ, முசோமா போன்ற ஊர்களில் மிஷனரிகளுக்காகத் தொடங்கிய மொழிப் பள்ளிகள் இருக்கின்றன. விசா, தங்கும் செலவு, வேலையிலிருந்து விடுப்பு என்று பெருந்தொகை ஆகும். சான்சிபாரின் ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரப் பகுதியில் தங்கினால் கடைக்காரர்கள் நம்மைவிட நன்றாக ஆங்கிலம் பேசி வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். சிறிய ஊர் மேல். ஆய்வு மாணவர், தொண்டு நிறுவனப் பணியாளர், நீண்ட காலக் களப்பணிக்குப் போகிறவர் இவர்களுக்கு இந்தச் செலவு தகும். மற்றவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| வழி | பணம் | பதில் புரியுமா? | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பட்டியல் | இல்லை | மிகக் குறைவு | தமிழ் எழுத்தில் உச்சரிப்புக் குழப்பம் | ஒரு வாரப் பயணி |
| மொழிபெயர்ப்பு ஆப் | இல்லை | எழுத்தில் ஆம், பேச்சில் இல்லை | ஆங்கிலம் நடுவில் புகுந்து பொருள் மாறும் | எல்லோருக்கும், துணைக்கு மட்டும் |
| கற்கும் ஆப் | இல்லை அல்லது சந்தா | குறைவு | ஆங்கிலம் வழி. அழுத்தும் பழக்கம் | மாதக்கணக்கில் நேரம் உள்ளவர் |
| ஒலிப்பாடம் | இலவசமும் உண்டு | ஓரளவு நன்றாக | நிறுத்திப் பதில் சொல்லாவிட்டால் வீண் | பயணத்தில் நேரம் கழிப்பவர் |
| ஆசிரியர் | மணிக்கு இவ்வளவு | அதிகம் | அடிப்படையைக் காசு கொடுத்துப் படிப்பது | தங்கி வாழப் போகிறவர் |
| அங்கே போய் | மிக அதிகம் | மிக அதிகம் | விடுப்பு, விசா, தங்கல் | களப்பணி, ஆய்வு |

யார் எதை எடுப்பது

சஃபாரிக்குப் பட்டியல் போதும். நைரோபி அலுவலகத்துக்குப் போகிறவர் பட்டியலையும் ஒலிப்பாடத்தையும் எடுத்தால் சரி. ஆசிரியர் அவசியமில்லை, சக ஊழியர்களே சொல்லித் தருவார்கள், ஷெங்கும் சேர்த்து. ஐ.ஐ.டி. வளாகத்துக்குப் போகும் மாணவருக்கு வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். வெளியே வந்து சாப்பிடவும் வண்டி ஏறவும் மொழி வேண்டும் என்பதால் கிளம்பும் முன் ஒலிப்பாடம், போய்ச் சேர்ந்ததும் உள்ளூர் நண்பர்கள் என்று போகலாம். ஷிக்கமோவை மறக்க வேண்டாம், சான்சிபாரில் அதற்கு மதிப்பு அதிகம்.

தாரெஸ்ஸலாமுக்கோ அரூஷாவுக்கோ வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத்தான் நான் வழக்கத்துக்கு மாறாக ஒன்று சொல்வேன். நிறுவனம் மொழி வகுப்புக்குப் பணம் கொடுத்தால் அது வேலையில் சேருகிறவர் பெயரில்தான் வரும். அவர் நாள் முழுக்க இருப்பது ஆங்கிலம் நடமாடும் அலுவலகத்தில். காவலரிடமும், வீட்டு வேலைக்கு வரும் 'தாதா'விடமும் (அக்கா என்று அழைப்பது), தண்ணீர் கொண்டுவருகிறவரிடமும், சந்தையிலும், பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் பேச வேண்டியவர் வீட்டில் இருப்பவர். ஆசிரியரை அவருக்கு வையுங்கள். அலுவலகம் போகிறவருக்கு ஒலிப்பாடம் போதும்; காலையில் நெரிசலில் நிற்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.

வீட்டில் இருப்பவருக்கும் ஆசிரியரை முதல் நாளே வைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மேலே உள்ள ஜோடிப் பட்டியலும் எண்களும், அடுத்து ஒலிப்பாடத்தில் வினைச்சொல் வரும் வரை ஒரு மாதம், பிறகு ஆசிரியர். முதல் வகுப்பிலேயே எண்களைக் கேட்டு எழுதும் பயிற்சி கேளுங்கள்: அவர் 'எல்ஃபு தாத்து மியா தானோ' என்று வேகமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் 3,500 என்று எழுத வேண்டும். இருபதில் பதினைந்து சரியாக வந்தால் கரியாக்கோவுக்குப் போகலாம், பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு.